சோயா கேட்டு வாங்கிய அலைவரிசை

அன்பு மகள் சோயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாடம்பாக்கத்திலேர்ந்து அத்தா எழுதறேன். அல்லாஹ் கிருபையில எனக்கும் உங்கம்மாவுக்கும் உடம்பு சுகம்தான், மனசுதான் சரியில்லை. ஞாயித்துக்கிழமை பேசிட்டு வெச்சதுலேர்ந்து நீ போனை எடுக்கவே இல்லை, அதான் காகிதத்துல எழுதறேன். நம்ம தெரு ஜெபகுமார் சார் வெள்ளிக்கிழமை மகனைப் பார்க்க ஜெர்மனி வர்றார், அவர் கையில கொடுத்தனுப்பறேன். அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கு. உன் தம்பி இர்ஃபான் மேடவாக்கம் டிராஃபிக்ல தினமும் மாட்டிக்கிட்டு அலுத்துப்போய் வர்றான். நாலு நாளா இங்க மழை, தெருவுல முழங்கால் தண்ணி. அங்கேயும் பெய்யுதான்னு அம்மா கேக்கறப்போல்லாம் நான் பேச்சை மாத்திடறேன்.

நீ சொன்னது எனக்குப் புரியாம இல்லைம்மா. முப்பது வருஷமா டிஷ் மாட்டறவன் நான். அந்தக் காலத்து எட்டடி வலை டிஷ்ல எந்த மழைக்கும் படம் அசையாது. இப்ப மாட்டற சின்ன டிஷ்ஷுக்கு ஃப்ரீக்வன்சி ஜாஸ்தி, ஒரு மழை அடிச்சா படம் போயிடும், கஸ்டமர் போன் பண்ணித் திட்டுவாங்க. நீங்க அனுப்பின விண்கலம் கோடிக்கணக்கான மைல் தள்ளிப் போய் ஒரு விண்கல்லைப் படம் எடுத்திருக்கு. அதைப் பழைய எட்டு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில இறக்கலாமா, முப்பத்திரண்டுல இறக்கலாமான்னு மீட்டிங்ல கேட்டப்போ, முப்பத்திரண்டுன்னா மூணு மடங்கு வேகமா வந்துடும்னு நீதான் சொன்னே, கையெழுத்தும் போட்டே. அனுப்ப ஆரம்பிச்சதும் உங்க பெரிய டிஷ் இருக்கிற ஊர்ல விடாத மழை, பாதிதான் வந்துது. வராதது இன்னும் கலத்தோட மெமரியில இருக்கு, ஆனா அடுத்த வாரம் அதுமேல புதுப் பதிவு ஏறிடும்னு சொல்லி அழுதே.

அதுக்கு நான் என்ன சொன்னேன்? பத்து பேர் சேர்ந்து எடுத்த முடிவுதானே, நீ வாயைத் திறக்காதே, வேலை போச்சுன்னா விசாவும் போயிடும்னேன். அதுக்கு நீ, நான்தானே அத்தா சொன்னேன், இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டுட்டு வெச்சுட்டே. யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை உன்கிட்ட சொல்றேன். நீ பிறந்த வருஷம் குரோம்பேட்டையில ஒரு கேபிள்காரர்கிட்ட வேலை பார்த்தேன். நான் மாட்டின டிஷ் காத்துல பிடுங்கிக்கிட்டு, கீழ நின்ன ஸ்கூட்டர் மேல விழுந்துது. போல்ட்டைச் சரியா முறுக்காம விட்டது நான். ஓனர், இது உன் வேலைதானேன்னு என்கூட வேலை செஞ்ச மாரியைப் பார்த்துக் கத்தினார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மாரியை அன்னிக்கே நிறுத்திட்டாங்க. எனக்குக் கைக்குழந்தை நீ, பயந்துட்டேன். அதே பயத்தைத்தான் உனக்கும் புத்திமதின்னு சொல்லிட்டேன்மா, தப்பு.

இதை எழுதிக்கிட்டிருக்கும்போதே இர்ஃபான் உன் மெசேஜைக் கொண்டுவந்து காட்டினான். முப்பத்திரண்டு கேட்டது நான்தான்னு மீட்டிங்ல நீயே எழுந்து சொல்லிட்டியாமே. மிச்சத்தை எட்டுலயே மெதுவா இறக்கறீங்களாம், மழையிலயும் வருதாம், ஆனா எல்லாம் வந்து சேர நாள் பத்தாதாம். உன் வேலையைப் பத்தித் திங்கட்கிழமை பேசறாங்களாம். அம்மா துவா கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. மாரி திருநீர்மலை பக்கம் சைக்கிள் கடை வெச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். நாளைக்குப் போறேன். என்னைப் பார்த்ததும் என்ன சொல்வானோன்னு பயமாத்தான் இருக்கு, ஆனாலும் போறேன்.

அல்லாஹ் உனக்குத் துணையா இருக்கட்டும், நீ நினைச்சது நல்லபடியா முடியட்டும். வேளைக்குச் சாப்பிடு, குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போ. திங்கட்கிழமை அவங்க என்ன சொன்னாலும் முதல் போன் அம்மாவுக்குப் பண்ணு.

துவாவுடன்,
உன் அத்தா,
சௌகத் அலி