ஹரிணி அப்பா – மேட்

வெள்ளிக்கிழமை மதியம் கோச்சிங் வாட்ஸ்அப் குரூப்பில் லிஸ்ட் வந்தது. ‘அன்பான வாலண்டியர்களே’ என்று தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு எந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு என்ன வேலை, அப்பாவுக்கு என்ன வேலை என்று வரிசையாக. நிவேதா அம்மா – ஸ்கோர் சீட்டு. அது நான். நான்காவது வரியில் நீங்கள். ‘ஹரிணி அப்பா – மேட்.’

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. போன வருட லிஸ்ட்டில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவராவது சொல்லுவார் என்று பார்த்தேன். எல்லோரும் கும்பிடும் கை எமோஜியைத்தான் போட்டார்கள். வெட்கமாக இருக்கிறது, நானும் அதைத்தான் போட்டேன்.

முதல் வருடமே நீங்கள் சிரித்தீர்கள். “இன்னா மா இது, வாலண்டியர்னா தானா வர்றவன்தானே? இவங்களே பேரு போட்டுகினு, இவங்களே தேங்க்ஸும் சொல்லிக்கிறாங்க.” கும்மிடிப்பூண்டி மில்லில் ஷிப்ட் முடித்து, கவரைப்பேட்டை வீட்டில் குளித்தும் குளிக்காமலும் ஹரிணியை பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவீர்கள். வந்ததும் மேட் இழுக்கும் வேலை. “மில்லுல கம்பி தூக்குறேன், இங்க மெத்த தூக்குறேன். இதுவாச்சும் மெத்துன்னு கீது.”

எனக்குச் சிரிப்பு வராது. வாரத்தில் ஐந்து நாள் மணவாள நகரிலிருந்து நிவேதாவைக் கூட்டி வந்து, பயிற்சி முடியும்வரை வாசலில் காத்துக் கிடந்து, கூட்டிப் போகிறேன். எல்லாம் பீம் கட்டை மேல் அவள் நிற்கும் அந்த ஒன்றரை நிமிடத்துக்காக. அந்த நேரத்தில் நான் முந்தைய பிள்ளையின் மார்க் சீட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் மேஜைக்கு ஓடிக்கொண்டிருப்பேன். இரண்டு வருடம் இப்படியே போனது. கோச்சிடம் சொன்னேன். “வீடியோ எடுத்திருப்பாங்க மேடம், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். வீடியோவில் பார்ப்பதற்கு நான் எதற்கு வர வேண்டும்?

போன வருடம் நிவேதாவின் முறை வந்தபோது, நீங்கள் வந்து என் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டீர்கள். “குடு மா. நீ முன்னால நின்னு பாத்துகினு வா.” பார்த்தேன். இரண்டு இடத்தில் ஆடினாள், விழவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது ஹரிணி கை நிறைய சாக் பவுடரோடு உங்களிடம் ஓடி வந்தாள். “நைனா, பாத்தியா?”

“பாத்தேன் பாத்தேன். சூப்பரு.”

அவள் போன பிறகு மெதுவாக என்னைக் கேட்டீர்கள்: “எப்டி பண்ணா மா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாலின் மறுகோடியில் அதே நேரத்தில் தரையில் பல்டியடிக்கும் ஹரிணியின் ஃப்ளோர் முறை நடந்திருக்கிறது. யார் எப்போது என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். தெரிந்தேதான் சீட்டை வாங்கியிருக்கிறீர்கள். நான் ஒரு முறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. “நான் பாக்கலையே” என்றேன்.

“வுடு மா. அடுத்த தபா பாத்துக்கலாம்.”

ஒரு மாதத்தில் நெஞ்சுவலி. உங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் உங்கள் சொந்தப் பெயரைப் படித்தேன். இத்தனை வருடம் பழகியும் எனக்கு அது தெரியாது. உங்களுக்கும் என் பெயர் தெரிந்திருக்காது.

நேற்று போட்டிக்கு ஹரிணியின் அம்மா வந்திருந்தார். வந்தவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “லிஸ்ட்ல அவரு பேரு கீதே மா, மேட் நான் இழுக்கட்டுமா?” என்று கேட்டார். லிஸ்ட் போட்டவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. அவரை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தேன். மேட்டை நான் இழுத்தேன், சீட்டையும் நானே தூக்கினேன்.

ஃப்ளோருக்கு ஹரிணியைக் கூப்பிட்டார்கள். அதே நேரம் கோச்சும் கூப்பிட்டார்: “நிவேதா அம்மா, சீட்டு.”

“இப்ப வர முடியாது சார்.”

“எல்லாரும் வெயிட் பண்றாங்க மேடம்.”

“பண்ணட்டும்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கையிலிருந்த சீட்டை ஜட்ஜ் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

சொல்கிறேன், கேளுங்கள். முதல் பல்டியில் வலது கால் கோட்டைத் தாண்டிவிட்டது. அதற்கு மார்க் குறைத்திருப்பார்கள். நடுவில் கையைத் தூக்கித் திரும்பும் இடத்தில், மேட் அடுக்கியிருக்கும், நீங்கள் எப்போதும் நிற்கும் மூலையைப் பார்த்தவள் அடுத்தது என்னவென்று மறந்து நின்றாள். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டாள். கடைசிப் பல்டியில் இரண்டு காலும் ஒன்றாக இறங்கின, அசையவே இல்லை. தோள் அப்படியே உங்கள் தோள்.

முடித்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, “பாத்தீங்களா ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

“பாத்தேன்” என்றேன். இந்த முறை அது பொய் இல்லை, ஹரிணி அப்பா.