அண்ணாச்சியின் வலது கால்

அண்ணாச்சி,

இன்று காலை குளிக்கும்போது இடது விலாவில் கை பட்டதும் சுள்ளென்று வலித்தது. துடைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்ததுபோல, ஒரு குதிகால் அகலத்துக்குக் கன்றியிருந்தது. நான் எங்கேயும் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்துத் தடவினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மொட்டைமாடியில் உங்களோடு உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிட்டது. இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார்கள்.

நாம் இந்தச் சண்டைப் பயிற்சியை ஆரம்பித்தபோது இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. எனக்கு மந்தைவெளியில் டிவி ரிப்பேர் கடை. உங்களுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவு. ஒரே கட்டடத்தில் மேல்வீடும் கீழ்வீடும். அசோக் நகரில் ஒரு கராத்தே வகுப்பில் போய் நின்றோம். “இந்த வயசுக்கு வாக்கிங் போங்க சார்” என்று அந்த மாஸ்டர் சிரித்தார். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பு ஆறவில்லை. ரிப்பேர் வேலையைக்கூட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன செட்டைப் பிரித்துப் பிரித்துத்தான் படித்தேன். இதையும் அப்படியே படிக்கலாம் என்றேன்.

சில நாள் கழித்து நீங்கள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். வெள்ளை உடையில் ஒரு ஜப்பான்காரன். உதை வந்து விழப்போகும் நொடியில் உடம்பைப் பக்கவாட்டில் சாய்க்கிறான். அவன் கை தரையில் ஊன்றும்போதே கால் எதிராளியின் விலாவைத் தொட்டிருக்கிறது. அப்புறம் ஒரு பல்டி. எழுந்து நிற்கிறான். டைடோ என்று அந்தச் சண்டைக்கலைக்குப் பெயர்.

“விழுதான்வே, ஆனா விழுந்துக்கிட்டே அடிக்கான்” என்றீர்கள். “நம்ம வயசுக்கு விழத்தானே வரும்? பொருத்தமா இருக்கும்லா?”

சென்னையில் அந்தப் பேரைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நாம் பார்க்கவில்லை. மாடியில் பழைய தேங்காய்நார் மெத்தைகளைப் போட்டோம். போனைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்தோம். ஜப்பானிய மொழி புரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டோம். வாட்ச்மேன் மேலே வந்து பார்த்துவிட்டு, “இன்னா சார், சர்க்கஸ்ல சேரப் போறியா? இடுப்பு ஒடிஞ்சா என்னியக் கூப்டாத” என்றான். தினமும் விழுந்தோம். சுழல்வது, அலைபோல எழுவது, சாய்ந்து உதைப்பது, உருண்டு எழுவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறியது. கிட்டத்தட்டப் பத்து வருஷம், நம்மைத் தப்பு என்று சொல்ல யாரும் இல்லை.

அப்புறம்தான் பெசன்ட் நகர் கடற்கரையில் அந்தப் பின்லாந்துப் பெண்ணைப் பார்த்தீர்கள். மணலில் தனியாக இதையே செய்துகொண்டிருந்தாளாம். நீங்கள் ஓடிப்போய் நமக்குத் தெரிந்ததைச் செய்து காட்டியிருக்கிறீர்கள். அவள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள், ஆனால் எல்லாமே இடம் வலம் மாறியிருக்கிறது என்றாளாம். நாம் திரையில் இருந்தவனைக் கண்ணாடியில் தெரியும் நம் பிம்பம்போலப் பார்த்து, அவன் வலது காலுக்கு நம் இடது காலைத் தூக்கியிருக்கிறோம். சத்தத்தை வைத்திருந்தாலும் புரிந்திருக்காது.

நீங்கள் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டீர்கள். “கெடக்கட்டும்வே, இப்பவாவது தெரிஞ்சுதே. மாத்திக்கிடுவோம்.”

“இன்னாத்துக்கு மாத்தணும்? யாரைக் கேட்டு மாத்தணும்?” என்றேன். “எங்கியோ இருந்து ஒரு பொண்ணு வந்து சொன்னா, நம்ம உடம்புல ஏறினது தப்பாயிடுமா?”

“நீரு கெட்டுப்போன டிவியை விட மோசம்வே.”

நீங்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து அவளிடம் போய்ச் சரியான பக்கத்தைக் கற்றுக்கொண்டு வந்தீர்கள். அது எனக்குத் துரோகமாகத்தான் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. ஆனாலும் மாலையில் மாடிக்கு வந்தீர்கள். நான் இடது காலில் தொடங்குவேன், நீங்கள் வலது காலில். எனக்குப் பழக்கமானது வலது விலாவைக் காப்பது. உங்கள் புதிய உதையோ என் இடது விலாவுக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஒரு சாண் தள்ளிக் குதிகாலை நிறுத்திவிடுவீர்கள்.

“இந்தப் பக்கம் தொறந்தே கெடக்கு. ஒரு நா விழும், பாத்துக்கிடும்.”

“விழட்டும்.”

“சொன்னா கேக்க மாட்டேரே!”

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், புடவை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தவர், அப்படியே சரிந்துவிட்டீர்கள். இதயம் என்றார்கள். சரியும்போது வலது கையை ஊன்றினீர்களாம். பக்கத்தில் நின்ற பையன் சொன்னான், ஏதோ விளையாட்டுக் காட்டுகிறீர்கள் என்றுதான் நினைத்தானாம்.

காரியம் முடிந்தபிறகு நான் தனியாக மாடிக்குப் போனேன். நாம் இறைக்கும் கம்புக்குப் புறாக்கள் வருமே, இப்போதும் வருகின்றன. என் காலுக்குப் பக்கத்தில்கூட மேய்கின்றன. ஆனால் எனக்கு எதிரே, நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகின்றன. முதலில் தற்செயல் என்று விட்டேன். மறுநாள் அந்த இடத்தில் ஒரு கைப்பிடி அதிகமாகவே போட்டேன். ஒன்றும் வரவில்லை. தானியம் அப்படியே கிடந்து வெயிலில் காய்ந்தது.

நேற்று மாலை இடது காலை முன்னே வைத்தேன். இன்னும் உதைக்கவில்லை. புறாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் படபடவென்று எழும்பின. இடது பக்கம் சட்டை விலாவோடு போய் ஒட்டியது. கொடியில் கிடந்த துணி அசையவில்லை. நான் காத்துக்கொண்டே நின்றேன். அப்போது வலி எதுவும் தெரியவில்லை.

சற்றுமுன் உங்கள் மகன் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அந்தப் பெண்ணும் அவளிடம் கற்பவர்களும் உங்கள் நினைவாகச் செய்யப்போகிறார்களாம். நானும் வர வேண்டுமாம்.

“ஆனா சரியான பக்கமா செய்யணும் மாமா. அந்த மேடமே வந்து சொல்லித் தர்றாங்களாம். அப்பாவுக்கு உங்க மேல அது ஒண்ணுதான் கொறை.”

“கொறை கீதுன்னா உங்கப்பாவே வந்து சொல்லட்டும்” என்றேன்.

பையன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

மாற்றிக்கொள்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வலது காலில் தொடங்கி, கையை இறக்கி, அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அப்போது நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள், உங்களுக்கு இங்கே வேலை முடிந்துவிடும். எதிரில் கிடக்கும் கம்பைப் புறாக்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். வெறும் மாடியில், வெறும் காற்றைப் பார்த்து, ஒரு கிழவன் சரியாகச் செய்துகொண்டிருப்பான்.

பயமாக இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நேற்று தொட்டவர் நாளைக்கு இன்னும் ஓங்கி உதைக்கலாம். ஆனால் நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தத் தகராறுதான். அதைக் கடற்கரையில் போய்த் தீர்த்துவிட்டு வர எனக்கு மனசில்லை. வர முடியாது என்று உங்கள் மகனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாளைக்கும் மேலே போவேன். இடது காலில்தான் தொடங்குவேன். நான் திருத்திக்கொண்டால் நீங்கள் எதற்கு வருவீர்கள், அண்ணாச்சி?