ரூபனின் படகில் ஆறு மாதம்

2024 பிப்ரவரி 3, சனி

நாலாவது நாள். வெயில்.

படகு நாற்பத்திரண்டு அடி நீளம், எட்டடி அகலம். ஒரு காலத்தில் கரிச்சூளைக்குச் சதுப்புநிலத்துப் பாக்காவ் கட்டை ஏற்றிப்போனது. ரூபன் அதை வாங்கி, மேலே தகரக்கூரை போட்டு, ஒரு அறையும் அடுப்படியும் கட்டிக்கொண்டான். கட்டிலுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே ஒரு ஆள்தான் போகலாம். நாய் வந்தால் நான் கட்டிலில் ஏறி வழிவிட வேண்டும்.

ரூபன் என் தம்பி. முப்பத்தெட்டு வயது. பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறான். சாபு என்கிற போதைப்பொருள். பதினோரு வருடம். மூன்றாவது தடவை போகிறான். தானாகக் கேட்டுப் போனது இதுதான் முதல் தடவை. ஆறு மாதம். உறவுக்காரர்களிடம் ஜொகூரில் வேலை என்று சொல்லியிருக்கிறோம்.

எனக்கு வேலை எங்கிருந்தாலும் நடக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும் கார் விபத்து அறிக்கைகளைப் படித்துச் சுருக்கி எழுத வேண்டும். ஈப்போ வீட்டில் உட்கார்ந்து செய்ததைச் சித்தியவான் ஆற்றில் உட்கார்ந்து செய்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துத்தான் வந்தேன்.

சுவரில் இரண்டு தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதில் ஒன்றரைத் தாள் நாய்க்கும் பூனைக்கும். நாய் கருப்பு, அதனால் பெயர் கீச்சாப், சோயா சாஸ். பூனையின் பெயர் மேடம். எனக்கு விலங்குகள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. தேவைப்பட்டதில்லை.

கிளம்பும்போது நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “இவன் இங்க இருக்கான்ற தெம்புலதான் போறேன்க்கா. இவன் இல்லன்னா நான் எதுக்குத் திரும்பி வரணும்?”

நான் இருக்கிறேனே என்று சொல்லத் தோன்றியது.

பிப்ரவரி 6, செவ்வாய்

நேற்று படகு ஆடுகிறது என்று கயிறுகளை இறுக்கிக் கட்டினேன். விடியற்காலையில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தேன். தண்ணீர் வடிந்திருந்தது. படகு ஒரு பக்கம் ஜெட்டியில், படகுத்துறைக் கட்டையில், தொங்கிக்கொண்டிருந்தது. பூனையின் மணல் தட்டு, அரிசி, லேப்டாப், நாய், நான் எல்லாரும் ஒரே மூலையில்.

பக்கத்துப் படகு அங்கிள் லிங் வந்து கத்தியால் ஒரு கயிற்றை அறுத்தார். எழுபது வயது இருக்கும், மீன் பிடிக்கிறவர். என்னிடம் மலாயில்தான் பேசுவார். “ஆயேர் தூருன், போட் பூன் தூருன்லா.” தண்ணி இறங்கினா படகும் இறங்கணும்.

ரூபனின் தாளில் இது இல்லை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஞாயிறு பத்து நிமிடம் பேச விடுகிறார்கள். ஸ்பீக்கரில் போட்டேன். குரல் கேட்டதும் கீச்சாப் குரைத்துக்கொண்டே போனை நக்கினான். பத்தில் ஏழு நிமிடம் அதிலேயே போனது. மீதி மூன்று நிமிடம் படகு பேட்டரியைப் பற்றி.

நன்றாக இருக்கிறாயா என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

கற்றுக்கொண்டவை: நாய் இருபத்தாறு கிலோ. அது எழுந்து எதிர்ப்பக்கம் போனால் தேநீர் கொட்டும். ஆகையால் அரைக் கோப்பைதான். தகரக்கூரை பதினோரு மணிக்குக் கொதிக்கும். நனைத்த சாக்கு போட வேண்டும். படகின் பக்கவாட்டில் பழைய துண்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும் — பூனை விழுந்தால் பிடித்து ஏற.

மேடம் இன்று விழுந்தாள். ஏறினாள். என்னைத்தான் குற்றவாளி மாதிரி பார்த்தாள்.

மார்ச் 16, சனி

முடி. சோற்றில், லேப்டாப் சாவியிடுக்குகளில், வீடியோ மீட்டிங்கில் என் வெள்ளைச் சட்டையில். என் பெயரைச் சுருக்கியே கூப்பிடும் சூப்பர்வைசர் கேட்டாள், “தினேஸ், யூ கீப் டாக் ஆ?” தம்பியோடது என்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. அம்மா ஈப்போவிலிருந்து பஸ் ஏறிப் பாயசத்தோடு வந்தாள். ஜெட்டியிலிருந்து படகுக்குப் போட்ட பலகையில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். “ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவளுக்கு ஆத்துல என்னா வேல? நீ எறங்கி வா.” ஜெட்டியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். கீச்சாப் போய் அவள் காலடியில் படுத்தான். “போ சனியனே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு கை அவன் தலைமேல்.

ரூபன் போனில் வந்தபோது அம்மா போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்த பிறகு சொன்னாள்: “தெளிவா பேசுறான்.”

மே 8, புதன்

அங்கிள் லிங் ஆற்று வளைவில் முதலை பார்த்தாராம். கையை விரித்துக் காட்டினார், போதாமல் இரண்டடி நகர்ந்து நின்று காட்டினார். நாயைத் தண்ணீரில் விடாதே என்றார். மீன் பிடிக்கிறவர்கள் அளவு சொன்னால் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மே 10, வெள்ளி

கீச்சாப் போய்விட்டான்.

மே 11, சனி

எழுதிவிடுகிறேன். வேலைக்கு எழுதுவது போல.

நேரம்: மாலை 6.40. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க முப்பத்தாறு டிகிரி. நாய் பலகையருகே நின்று ஒரு மணி நேரமாக முனகியது. அன்றாடம் நீந்திப் பழகியது. தாளில் ரூபன் எழுதியிருந்தது: இருட்டும் நேரம் தண்ணீரில் விடாதே. இருட்டவில்லை, வெளிச்சம் இருந்தது. நான் மிதவைச் சட்டையை மாட்டிச் சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். குதித்தான். படகிலிருந்து இருபதடி போயிருப்பான். திரும்பி என்னைப் பார்த்தான். தண்ணீர் ஒரு முறை சுழன்றது. சத்தம் இல்லை. பிறகு ஆறு மட்டும்.

அங்கிள் லிங் படகை எடுத்துக்கொண்டு தேடினார். நானும் போனேன். அவனுடைய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒரு வேரில் சிக்கியிருந்தது. கிழிந்து.

படிவத்தில் கடைசியில் ஒரு கட்டம் உண்டு, அலட்சியம் யாருடையது என்று. என்னுடையது.

என்னை நானே திட்டிக்கொள்கிறேன்: ஏன் அவுத்த? ரெண்டு நாள் முன்னாடிதானே சொன்னாரு அந்த மனுசன். என்னா பெரிய இது நீ — அவரு சொன்ன அளவப் பாதியாக்குறதுக்கு? முனகுனா முனகட்டும்னு விட்டிருக்கலாம்ல.

அம்மாவுக்குப் போன் செய்தேன். எப்படி என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, “அவன்கிட்ட மூச்சு விடாத. ஆறு மாசம் முடியட்டும். இப்ப சொன்னா அன்னிக்கே பையத் தூக்கிட்டு வெளிய வந்துருவான்.”

மே 12, ஞாயிறு

அழைத்தான். ஸ்பீக்கரில் போடு என்றான்.

“வெயில்டா. தூங்குறான்.”

“ஓ.”

“எழுப்பட்டுமா?”

“வேணாம். தூங்கட்டும்.”

மேடத்தைப் பற்றிக் கேட்டான். நான்கு நிமிடத்தில் வைத்துவிட்டான்.

மே 19, ஞாயிறு

அவன் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், கீச்சாப் நல்லா சாப்பிடுறான் என்று. சரிக்கா என்றான்.

ஜெட்டியில் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டார்கள்.

மே 25, சனி

தேநீரை முழுக் கோப்பை ஊற்றலாம் இப்போது. ஊற்றிக் குடிக்க முடியவில்லை.

மேடம் கூரையிலிருந்து இறங்குவதில்லை. சாப்பாட்டை மேலே கொண்டுபோய் வைக்கிறேன். இன்று நானும் அங்கேயே ஏறி உட்கார்ந்தேன். என்னைக் கடிக்கவில்லை, பக்கத்திலும் வரவில்லை. இரண்டு பேரும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 1, சனி

நான்கு மாதம் முடிந்தது. இனி நேரில் பார்க்கலாமாம். ஒன்பதாம் தேதிதான் முதல் பார்வை நாள். அம்மா வரவில்லை என்றாள். வாயைத் திறக்காதே என்று மறுபடியும் சொன்னாள். சரி என்றேன்.

அம்மாவிடமும் பொய்.

ஜூன் 9, ஞாயிறு

போய்வந்தேன்.

இல்லம் பழைய தோட்டத்து மானேஜர் பங்களா. சுற்றிலும் இப்போது செம்பனை. வாசலில் கேட் இருக்கிறது, பூட்டு இல்லை. இருக்கிறவன் இருப்பான், போகிறவன் போவான் என்றார் பொறுப்பாளர்.

ரூபன் சதை போட்டிருந்தான். கன்னம் வந்திருக்கிறது. மாமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். வழி முழுக்கப் பேசிப் பார்த்துக்கொண்டு போனது எதுவும் வரவில்லை.

“ரூபன், கீச்சாப்—”

“தெரியும்க்கா.”

“என்னா தெரியும்?”

“அவன் இல்லன்னு. நாலு வாரமா தெரியும்.”

யார் சொன்னது என்றேன். அம்மாவா? அங்கிள் லிங்கா?

“நீதான். என் குரல் கேட்டா அவன் தூங்குவானா? அதோட...” தரையில் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “பதினோரு வருசம் உங்கிட்ட நான் பொய் சொல்லியிருக்கேன். பொய் சொல்றவன் குரல் எனக்குத் தெரியாதாக்கா?”

மே பன்னிரண்டாம் தேதி, அந்தப் போனுக்குப் பிறகு, பையைக் கட்டிக்கொண்டு கேட் வரை போனானாம். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். யாரும் தடுக்கவில்லை.

“அப்புறம்?”

“பசிச்சிச்சு. உள்ள போய் சாப்ட்டேன்.”

இவ்வளவுதான் சொன்னான். நான் சிரித்துவிட்டேன், அழுகையும் வந்தது. அவன் சிரிக்கவில்லை.

“எப்டி?”

சொன்னேன். முழுவதும். வெளிச்சம் இருந்தது, முனகினான் என்றெல்லாம் சொன்னேன்.

“லிங் அங்கிள் சொல்லியும் நீ அவுத்தியா?”

“அவுத்தேன்.”

எழுந்தான். பெஞ்சருகே சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்து மாவிலைகளைக் கூட்ட ஆரம்பித்தான். நான் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வாரேன் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினான்.

ஜூன் 16, ஞாயிறு

போன் வரவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நானே இல்லத்துக்கு அழைத்தேன். இருக்கிறானா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறான், சமையலறையில் என்றார் பொறுப்பாளர். கூப்பிடவா? இல்லை, வேண்டாம். அவனாக வரட்டும்.

சொல்லாமல் இருந்திருந்தால்? அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அப்படியென்றால் நான் போய்ச் சொன்னது அவனுக்காகவா, எனக்காகவா? தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் திரும்பவும் போய்ச் சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அம்மாவிடம் சொன்னேன், நான் சொல்லிவிட்டேன் என்று. போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே அழைத்தாள்: “அங்கயேதான் இருக்கானா?” அங்கேயேதான் என்றேன். “நாய் போனது தெரிஞ்சுமா?” ஆமா. 

ஜூன் 23, ஞாயிறு

அழைத்தான்.

“பம்ப் ஓடுதா?”

“ஓடுது.”

“அடியில தண்ணி சேந்தா ஈரத் துணி மாதிரி ஒரு வாட வரும். வந்தா உடனே எறச்சிடு.”

“சரிடா.”

“மேடம்?”

“கூரையிலதான் இருக்கா.”

“அக்கா, உம்மேல கோவம் இருக்கு. எப்ப போவும்னு தெரியல. சும்மா சொல்றேன்.”

“இருக்கட்டும்டா.”

பத்து நிமிடமும் பேசினோம். பதினோரு வருடத்தில் இவன் என்னிடம் நேராகச் சொன்ன முதல் விஷயம் இதுவாக இருக்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

தண்ணீர் மட்டத்தை இப்போது அட்டவணை பார்க்காமல் சொல்ல முடிகிறது. ஜெட்டித் தூணில் சிப்பி ஒட்டிய கோடு தெரிந்தால் தண்ணீர் முழுக்க வடிய நாலு மணி நேரம் இருக்கிறது. அங்கிள் லிங் சோதித்துப் பார்த்தார். பத்து நிமிடம் தவறு.

ஜூலை 29, திங்கள்

ரூபன் வந்தான். அம்மாவும் கூட. அம்மா பலகையில் நடந்து படகுக்குள் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு.

அவன் முதலில் கயிறுகளைப் பார்த்தான். பிறகு பம்ப். பிறகு நாய்ச் சங்கிலி இருந்த ஆணி. நான் சங்கிலியைக் கழற்றவில்லை. கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் விட்டிருந்தேன். அவன் கழற்றினான். துரு விரலில் ஒட்டியது. துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்தான்.

படகின் பின்முனையில் போய் உட்கார்ந்தான். நானும் அம்மாவும் போகவில்லை. அம்மா மீன் கழுவினாள். கொஞ்சம் கழித்து மேடம் கூரையிலிருந்து இறங்கினாள், இரண்டரை மாதத்துக்குப் பிறகு. அவனிடம் போகவில்லை. மீனிடம் போனாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டு வாரம் கூட இருந்தேன். அவன் கேட்கவில்லை, நானும் காரணம் சொல்லவில்லை. படகு பழுதுபார்க்கும் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழுக்குப் போகிறான், ஆறுக்கு வருகிறான். ஆறே காலுக்கு வரவில்லையென்றால் நான் ஜெட்டியில் நிற்கிறேன். நேற்று அதைப் பார்த்துவிட்டான்.

“எனக்காகவா நிக்கிற?”

“காத்து வாங்க.”

“அந்தக் குரல்தான்” என்றான்.

இன்று மாலை பஸ்ஸில் ஈப்போ. பையை அவன்தான் தூக்கி வந்தான். பஸ் நிலையத்தில், “கோவம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு” என்றான். எவ்வளவு என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வீடு அசைவதில்லை. தூக்கம் சரியில்லை. ரூபனுக்குத் தினமும் காலையும் மாலையும் போன். எடுத்தான், எடுத்தான்.

செப்டம்பர் 19, வியாழன்

காலையிலிருந்து மழை. பதினான்கு அறிக்கைகள் முடித்தேன்; பெரும்பாலும் ஈரச் சாலையில் பின்னால் இடித்தவை. மத்தியானம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வரும் வழியில் பசார். கங்கோங் கீரை, நெத்திலி, சோயாக் கட்டியான தவ்வு. அம்மா கங்கோங்கைப் பிரட்டினாள், நான் பாத்திரம் கழுவினேன்.

எட்டு மணிக்கு ரூபன் அழைத்தான்.

“அக்கா, திங்கக்கெழமையிலேருந்து சத்தமே இல்ல. ஒடம்பு நல்லாதானே இருக்கு?”

“நல்லா இருக்கேன்டா.”

“அப்புறம் ஏன் போன் பண்ணல?”

“மறந்துட்டேன்” என்றேன்.

உண்மைதான்.