பொது மணி அடிக்காத கூட்டம்

26 ஆகஸ்ட் 2024, திங்கள்

இன்று மணி அடித்ததெல்லாம் மலைமேல் இருக்கிற ஈச்சங்குழியிலிருந்துதான். அது போக ஒரே ஒரு அழைப்பு சங்கத் தலைவர் வெங்கடேசனிடமிருந்து. சங்கத்தின் போன் பெட்டி இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் செல்லிலிருந்து அடித்திருக்கிறார். "செய்யுதுங்க" என்றேன். "அப்படியா" என்றார், எதையோ எதிர்பார்த்து ஏமாந்தவர் மாதிரி.

முட்டி வீங்கியிருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது. வாங்கச் சின்னசேலம் போக வேண்டும். போனால் பெட்டியிடம் யார் உட்காருவது?

28 ஆகஸ்ட்

மழை இல்லை. புழுக்கம். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

2 செப்டம்பர்

வெங்கடேசன் நேரிலேயே வந்தார். பதினைந்தாம் தேதி பொதுக்குழு. போன் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று எண்ணம். "டவரு வந்துட்ச்சி. அவனவன் பாக்கெட்ல போனு. இன்னும் எதுக்குக்கா கம்பி, கம்பம், பெட்டி?" அவர் சொன்னது நியாயம்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சேலத்தில் மகள் சுபஸ்ரீ வீட்டில் எனக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாள். நான்தான் பெட்டிக்குக் காவலாகக் கிடக்கிறேன்.

கூட்டத்தில் படிக்க சங்கத்தின் வரலாறு ஒரு பக்கம் வேண்டுமாம். "நீங்கதான ஆரம்பத்துலேந்து இருக்கறீங்க."

எழுதிப் பார்க்கிறேன்:

வெங்கடேசனின் அப்பா ராமசாமி ஐயாதான் ஆரம்பித்தவர். அப்போதெல்லாம் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை இறக்கிக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போனால் மில் மூடியிருக்கும். கிழங்கு இரண்டு நாளில் கறுத்துவிடும். கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். மில் திறந்திருக்கிறதா என்று கேட்க ஒரு போன் இருந்தால் போதும் என்று தோன்றியது. அரசாங்கம் அடிவாரம் வரைக்கும்தான் லைன் கொடுத்தது. மேலே போக ஊர்க்காரர்களே சங்கம் வைத்தார்கள். கீழே இருக்கிற ஊர்களின் கீழ்நாட்டுக்காரர்கள் பங்குத்தொகை போட்டார்கள். ஈச்சங்குழிக்காரர்கள் கம்பத்தைத் தோளில் சுமந்து மலையேற்றினார்கள். அதுவே அவர்கள் பங்கு. ஓட்டு எல்லாருக்கும் ஒன்று.

வருகிற அழைப்பைப் பெட்டியில் வாங்கி அந்தந்த வீட்டுக்கு மாற்றிவிடுவது என் வேலை. அப்புறம் பொது மணி. மூன்று முறை நீளமாக அடித்தால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கேட்கும். எல்லாரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். சாவு, மில் மூடல், சங்கக் கூட்டம், இந்த மூன்றுக்கு மட்டும் அடிப்பேன்.

போதும். கை வலிக்கிறது.

7 செப்டம்பர், சனி

பிள்ளையார் சதுர்த்தி. சுபஸ்ரீ கொழுக்கட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். படத்தைத் தின்ன முடியுமா? "அடுத்த வருஷம் நீ இங்கதாம்மா இருப்ப" என்றாள். ஆமாம் என்றேன். இந்த முறை பொய் இல்லை.

11 செப்டம்பர்

கூட்டத்துக்குப் பொது மணி அடிக்கலாம் என்று எழுந்தேன். வெங்கடேசன் தடுத்துவிட்டார். "குரூப்ல போட்டுட்டங்க்கா. எல்லாரும் கட்டை விரலக் காட்டிட்டாங்க. நீங்க கஷ்டப்படாதீங்க."

என்னைக் கஷ்டப்படாதே என்று யார் சொல்கிறார்கள் இந்தக் காலத்தில்! உட்கார்ந்துவிட்டேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

முடிந்தது. ஒருமனதாகக் கலைத்தாயிற்று.

பிரியாணி போட்டார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நல்ல கூட்டம். என் வரலாற்றை வெங்கடேசன் உரக்கப் படித்தார். ஈச்சங்குழிக்காரர்கள் கம்பம் சுமந்த இடத்தில் பலத்த கைதட்டல். எனக்கும் பெருமையாக இருந்தது. சால்வை போர்த்தினார்கள். இந்த வெயிலில் கம்பளிச் சால்வை.

மாதக் கடைசியில் பெட்டியைக் கழற்றுவார்கள். துணிமணிகளை எடுத்து வைக்க வேண்டும்.

16 செப்டம்பர்

இதை எப்படி எழுதுவது.

காலையில் ஈச்சங்குழி சாலம்மாள் கூப்பிட்டாள். அவள் புருஷன் பழனி குடகில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறான். சாயங்காலங்களில் அங்கிருந்து அவன் அடிப்பான், நான் மாற்றிவிடுவேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"யக்கா, இந்த வருஷம் மீட்டிங்கு எப்பங்க? இன்னும் பொது மணியே அடிக்கலியே. நம்மூர்க் கம்பம் ஒண்ணு சாஞ்சிக்கினு இருக்குது, அதச் சொல்லணும்."



ஈச்சங்குழிக்கு டவர் எட்டாது. நடுவில் முகடு மறைக்கிறது. செல் வைத்திருப்பவர்கள்கூட அங்கே அதை டார்ச் லைட்டாகத்தான் வைத்திருக்கிறார்கள். குரூப்பாவது, கட்டை விரலாவது. போன் சங்கத்தின் கூட்டத்தை, அந்தப் போனை இன்னும் உபயோகிக்கிற ஒரே ஊருக்குச் சொல்லாமல் நடத்தியிருக்கிறோம். அவர்கள் கம்பம் சுமந்ததற்குக் கை தட்டினோமே, அவர்களில் ஒருத்தர்கூட அங்கே உட்கார்ந்திருக்கவில்லை என்று ஏன் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை? என் கண்ணில்?

"கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

17 செப்டம்பர்

வாயைத் திறந்தால் கூட்டம் செல்லாது. செல்லாவிட்டால் சங்கம் இருக்கும். சங்கம் இருந்தால் நான் இருக்க வேண்டும், இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், இந்த முட்டியோடு. வாயை மூடிக்கொண்டால் மாதக் கடைசியில் ரயில் ஏறிவிடலாம். எனக்கு இன்னா தலையெழுத்தா? எத்தினி வருஷம் பாத்தாச்சி. போதாதா?

சாயங்காலம் பழனி அடித்தான். மாற்றிவிட்டேன். ரொம்ப நேரம் பேசினார்கள். கம்பி அறுந்தால் இந்தப் பேச்சு எங்கே போகும்? முகட்டுப் பாறையில் ஏறி நின்றால்தான் சிக்னல். அங்கே கரடி நடமாட்டம்.

18 செப்டம்பர்

வெங்கடேசன் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போனேன். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. நிஜமாகவே மறந்திருக்கிறார்.

"முடிஞ்சி போச்சேக்கா. நீங்களும் பொண்ணு வூட்டுக்குப் போவணும்னுதான இருந்தீங்க?"

"ஆமா. ஆனா இப்படிப் போவ மாட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்ததும் என்மேலேயே எரிச்சல். பெரிய அரிச்சந்திரி!

19 செப்டம்பர்

பொது மணி அடித்தேன். கீழே பாதி வீட்டில் போனைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். மேலே எல்லா வீட்டிலும் எடுத்தார்கள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கூட்டம் நடந்ததை, அவர்களுக்குச் சொல்லாததை, கலைத்ததை எல்லாம் சொன்னேன். வெங்கடேசனிடம் கேட்டுக் குறித்தபடி அக்டோபர் ஆறாம் தேதி மறுபடி கூட்டம் என்றேன். ஒவ்வொருவராக வைத்தார்கள்.

குரூப்பிலும் போட்டேன். இந்த முறை இரண்டிலும்.

சுபஸ்ரீயிடம் சொன்னபோது அவளும் பட்டென்று வைத்துவிட்டாள்.

29 செப்டம்பர்

தைலம் இன்னும் வாங்கவில்லை.

6 அக்டோபர், ஞாயிறு

கீழ்நாட்டுக்காரர்கள் நாலைந்து பேர்தான் வந்தார்கள். முடிந்த விஷயத்துக்கு எதற்கு இன்னொரு கூட்டம் என்றார்களாம். புரட்டாசி, எலுமிச்சை சாதம் மட்டும்தான். அதுவும் ஒரு காரணம்.

மலையிலிருந்து ஜீப் நிறைய வந்தார்கள். இடமில்லாதவர்கள் நடந்தே இறங்கினார்கள். கை தூக்கச் சொன்னதும் கூடம் முழுக்கக் கை. சங்கம் கலையவில்லை.

வெங்கடேசன் கோபப்படவில்லை. "சரி, நடத்துங்க. பெட்டிகிட்ட நம்ம விஜயாக்கா இருக்கறாங்க, கவலையில்ல" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். ஒருத்தர் இன்னொரு பாழாய்ப் போன சால்வையை எடுத்துக்கொண்டு வேறு வந்தார்.

எழுந்து நின்றேன். நன்றி சொல்லத்தான் நின்றேன். வாயில் வந்தது வேறு.

"எனக்கு முடியலப்பா. நான் என் பொண்ணு வூட்டுக்குப் போறேன். என்ன வுட்ருங்க."

அதோடு அழுகையும் வந்துவிட்டது. அழகாக அழத் தெரியாது எனக்கு. மூக்கெல்லாம் ஒழுகி, அசிங்கம்.

சாலம்மாள்தான் முதலில் பேசினாள். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். திட்டினாள்.

"மீட்டிங்கும் சொல்லல, இதையும் சொல்லல. நாங்க இன்னா உங்களக் கட்டியா போட்டுக்கினு இருக்கறோம்? வாயத் தொறந்து சொன்னாத்தானக்கா தெரியும்? இத்தினி வருஷமா முடியாமயா குந்திக்கினு இருந்தீங்க?"

அப்புறம் அவளே, "நான் வந்து குந்தறேன். ஆடுங்கள மாமியா பாத்துக்கும்" என்றாள்.

7 அக்டோபர்

சாலம்மாள் ஒரு பையோடு வந்துவிட்டாள். என் நாற்காலி உயரம் சரியில்லை என்று முதல் வேலையாக அதை மாற்றினாள். எனக்குச் சுருக்கென்றது. போகிறவளுக்கு எந்த நாற்காலியாக இருந்தால் என்ன?

12 அக்டோபர்

தப்பான வீட்டுக்கு மாற்றிவிடுகிறாள். திருத்தினால் முறைக்கிறாள். ஆனால் மணி அடித்தால் எனக்கு முன்னால் எழுகிறாள். நாளை மதியம் ரயில்.

4 நவம்பர், சேலம்

காலையில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு சங்கத்துக்கு அடித்தேன். சாலம்மாள்தான் எடுத்தாள். "சங்கம், சொல்லுங்க" என்றாள். நான்தான் என்றேன். சௌக்கியமா என்று கேட்டாள். கம்பம் நிமிர்த்தியாயிற்றா என்று கேட்டேன். ஆயிற்றாம். மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

"யக்கா, மில்லுக்காரரு லைன்ல வருவாரு. சும்மா பேசறதுன்னா மத்தியானத்துக்கு மேல அடிங்க" என்று வைத்துவிட்டாள்.

கோபம் வந்தது. என்னிடமேயா! பத்து நிமிஷம் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் சற்றுப் படுக்கலாம் என்று அறைக்குப் போனேன். சாயங்காலம் சுபஸ்ரீ வந்து விளக்குப் போட்டபோதுதான் கண் விழித்தேன். அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லடி, தூங்கினேன் என்றேன்.