கடலுக்குப் போகும் வழி

அன்பு மகன் கெர்கோவுக்கு,

நானும் உன் அப்பாவும் முதுகில் பை மாட்டிக்கொண்டு கடல் பார்க்கக் கிளம்பிவிட்டோம். சிரிக்காதே. பன்றி அடித்து முடிந்தது, திராட்சைத் தோட்டம் பனிக்கடியில் தூங்குகிறது, ஜனவரியில் விடுதிப் படுக்கையும் பாதி விலை. வியன்னாவில் டான்யூபைப் பார்த்தோம். நம் ஊருக்கு வருகிற அதே ஆறுதான், அங்கே கொஞ்சம் கர்வமாகப் போகிறது.

இப்போது கொலோனில் இருக்கிறோம். அடுக்குக் கட்டிலில் அவர் மேலே, நான் கீழே. அவர் பையில் பூண்டு சாசேஜ் இருக்கிறது. எனக்கு ஒரு துண்டுகூட வெட்டித் தரவில்லை, "கெடக்கட்டும்டி" என்கிறார். அறையில் ஒரு பெண் மூக்கைப் பொத்தினாள். "எங்க வூட்டுப் பன்னிம்மா, மோந்து பாக்க காசு கேக்கலியே!" என்றார். பாஷை புரியாமலே அவள் சிரித்துவிட்டாள்.

நீ பன்றி வளர்க்க மாட்டேன் என்று போனதையும், "அவன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று இவர் சொன்னதையும் நாங்கள் வழியில் பேசவில்லை.

இன்று கடற்கரைக்கு டிக்கெட் எடுத்தார். "கென்டுல எறங்கி பஸ் மாறணுமாம், மத்தியானம் பூரா உக்காரணும்" என்று அலுத்துக்கொண்டார். உன் ஊர்ப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை வருஷம்!

"அது அவன் ஊராச்சே?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டு யாரு வூட்டு வாசலும் இல்லியேடி" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த பஸ் ஸ்டாண்டில் இருப்போம். டிக்கெட் எடுத்த இடத்துப் பலகையில் நேராகக் கடலுக்குப் போகும் பஸ்ஸும் இருந்தது, விலையும் குறைவு. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா