யார் கைக்குச் செயின்சா?

வியாழன் இரவு.

கூரைமேல் சாயும் ரம்புத்தான் மரத்தை வெட்ட, ஜெலுத்தோங்கில் ஒரு கடைக்குச் செயின்சா பார்க்கப் போனேன். மரத்தைச் சுற்றி அளந்த கயிற்றைக் கொடுத்து, அந்த நீளத்துக்குப் பிளேடு கேட்டேன். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ரப்பர் மரத்தை அப்படித்தான் அளப்போம்.

கடைக்காரன் சிரித்தான். "ஐயோ அங்கிள், இது சுத்தளவுலா! பதினாறு இன்ச்சே போதும்."

பெட்ரோல் மிஷின் விலை குறைவு, பலமும் அதிகமாம். அதைக் கிளப்பும் கயிற்றை மூன்று தடவை இழுத்தேன், கிளம்பவில்லை. பேட்டரி மிஷின் தொட்டதும் ஓடியது. ஆனால் விலை அதிகம், பாதி மரத்தில் நின்றுவிட்டால்?

"யாரு அங்கிள் வெட்டப் போறது?"

"மருமவன்தான்," என்று சொல்லிவிட்டேன். மருமகனுக்கு இது எதுவுமே தெரியாது.

"அப்ப பெட்ரோலே எடுங்க. நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க."

மருமகனிடம் சொன்னால், இந்த வயதில் என்னை மரத்துப் பக்கமே விடமாட்டார். சொல்லாமல் பெட்ரோல் மிஷினை வாங்கினால், அந்தக் கயிற்றை யார் இழுப்பது? ஒன்றும் புரியவில்லை. அவர் கைக்குப் பெட்ரோல் வாங்குவதா, என் கைக்குப் பேட்டரி வாங்குவதா?