உன் குரலில் அவர் சொன்னது

அன்புள்ள கீச்சுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்கு மூட்டுவலி; அண்ணிக்கு வழக்கம்போல அண்ணன்தான் தலைவலி. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் "வேலைல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படியில்லை, படிக்கும்வரை மேசைமேல் கிடக்கும்.

கடை ஓடுகிறது. அப்பா போனபின் ஆட்கள் வேறு கண்ணாடிக் கடை பார்ப்பார்கள் என்று பயந்தேன், யாரும் போகவில்லை. "பொண்ணு போட்டுக் குடுத்தாலும் எழுத்து தெரியுதுப்பா" என்று ஒரு பெரியவர் ஆச்சரியப்பட்டார், நான் பெண் என்பதால் லென்ஸ் கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. லென்ஸ் தேய்க்கும் மெஷின்தான் ஊரைக் கூட்டுகிறது. புதிது வாங்கலாம். வாங்கி எந்த வீட்டில் வைப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் அதுதான். அண்ணன் நமக்கு ஆளுக்கொரு விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறார். அப்பா வீட்டில் நமக்குள்ள பங்கை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று நாம் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட யாரோ கேட்கிறார்களாம். அப்போ முன்னறையில் இருக்கும் கடை என்னாவது என்றேன். "உனக்கென்ன, எங்ககூடவே இருந்துக்கலாம். யாரு வேணாம்னா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் கெட்டவரில்லை, ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவர். ஆனால் இதுவரை யாரிடமும் அனுமதி கேட்டு நான் இந்த வீட்டில் இருந்ததில்லை. அதனால் பிடிகொடுக்காமல் இருந்தேன்.

போன வாரம் அவர் செல்போனும் கையுமாகக் கடைக்கு வந்தார். ஒரு டீச்சரம்மா கண் சோதிக்கும் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு எழுத்து படித்துக்கொண்டிருந்தார். அவரையும் கேட்கச் சொல்லி நிறுத்திவிட்டு அண்ணன் ஒரு வீடியோவைப் போட்டார். பெண்கள் உரிமை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகள் முறைவைத்து வந்து பதில் சொல்லும் சர்வதேசக் குழுவின் கூட்டம், நீ கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் அதே இடம். படத்தில் நம் நாட்டு அதிகாரி ஒருவர் கோட்டுப் போட்டு ஹிந்தியில் வாயசைக்கிறார். இங்கிலீஷில் கேட்கும் குரல் உன்னுடையது.

"எங்கள் நாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை உண்டு. ஆயினும் எங்கள் பெண்கள் பாசத்தினால் தங்கள் பங்கைச் சகோதரர்களுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறார்கள். இதை நான் பெருமையுடன் கூறுகிறேன்."

ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். அண்ணன் அதோடு வீடியோவை நிறுத்திவிட்டு, "கேட்டியா? உலகத்துக்கு முன்னாடி அவளே சொல்லிட்டா. நீ மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிற?" என்றார்.

மொழிபெயர்ப்பவர் அப்படித்தான் பேசுவார், அந்த 'நான்' அதிகாரி என்று விளக்கினேன். போன வருஷம் நீ ஒரு மீன்வளத்துறை அமைச்சருக்குப் பேசியபோது 'நான் மந்திரியாகப் பதவியேற்று' என்றாயே, அன்றைக்கு யாராவது உன் வீட்டு வாசலில் மனுக் கொடுக்க நின்றார்களா என்று கேட்டேன். டீச்சரம்மா சட்டத்தைக் கழற்றாமலே சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. "குரல் அவளோடதுதானே?" என்றார். நான் டீச்சரம்மாவை அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன்.

மாலையில் கடையை அடைத்துவிட்டு முழுக் கூட்டத்தையும் பார்த்தேன். அண்ணன் நிறுத்திய இடத்துக்குப் பிறகு, குழுவில் இருந்த நரைத்த தலை அம்மாள் ஒருவர் மைக்கை இழுத்துக்கொண்டு கேட்டார். அதையும் நீதான் சொன்னாய். "மனமுவந்து விட்டுக்கொடுப்பவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். தரமாட்டேன் என்று சொன்ன பெண்களைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டும். அவர்கள் பிறந்த வீட்டுக்கு மறுபடி போக முடிகிறதா?" நடுவில் உன் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாய்போல. அதிகாரி அப்படியொரு புள்ளிவிவரம் தம்மிடம் இல்லை என்றார். அதையும் நீ தெளிவாகச் சொன்னாய்.

ஒன்று வேடிக்கையாக இருந்தது. நாடு போட்ட கையெழுத்துக்கு உலகமே உட்கார்ந்து கேள்வி கேட்கிறது. நாம் போடப்போகும் கையெழுத்துக்கு மட்டும் கேள்வி கேட்கக் கூடாதாம்.

வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். "உன் பங்கு உனக்குத்தான்மா, யாரும் தொட முடியாது. ஆனா தங்கச்சி எழுதிக் குடுத்துட்டா மூணுல ரெண்டு அவர் கைக்குப் போயிடும். வீடு பிரிக்கிற அளவுக்குப் பெருசில்ல. கோர்ட்டுக்குப் போனா, வித்துப் பங்கு போடுங்கன்னுடுவாங்க" என்றார். நாம் இருவரும் சேர்ந்து நின்றால், அண்ணனின் பங்கை மெல்ல மெல்ல நாமே வாங்கிக்கொள்வதாகப் பேசிப் பார்க்கலாமாம். ஆக, என் கடை இருப்பதும் போவதும் உன் கையில் இருக்கிறது.

உன் பத்திரத்தை உனக்கே அனுப்பிவிட்டாராம். தூதரகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்புவதாக நீ சொன்னாயாம். நீ சொன்னாயா, இல்லை இதுவும் வேறு யாரோ சொன்னதா? அண்ணனோடு மனஸ்தாபம் வேண்டாம் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. அண்ணி இப்போதெல்லாம் வாசலோடு பேசிவிட்டுப் போகிறார். சின்னதுகளைக்கூடக் கடைப் பக்கம் விடுவதில்லை. வலிக்கிறது. வீடு போய்விடுமோ என்பதைவிட, நீயும் அந்தப் பக்கம் போய்விட்டால் எனக்கென்று யாரும் இருக்க மாட்டார்களே என்ற பயம்தான் அதிகம்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. நன்றாக யோசித்து, எதுவானாலும் எனக்கு ஒரு வார்த்தை எழுது.

போடுவதென்று முடிவு செய்தாலும், வெட்கப்பட்டு என்னிடம் பேசாமல் இருந்துவிடாதே. வீடு விற்று என் பங்கு கைக்கு வந்தால், எந்தத் தெருவிலாவது கடையோடு ஓர் அறை பார்த்துக்கொள்வேன். என்றைக்காவது நீ ஊர் திரும்பி, பிறந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்று ஆகிவிட்டால், பெட்டியோடு நேரே அங்கே வா. வரட்டுமா என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாயிரு.

உன்,
அக்கா